மாத்திரைக்காரியும் ஊசிக்காரியும்

தொப்பூர் கணவாயின் இறக்கம் முடிகிற இடத்தில், பிரேக் காய்ந்த நாற்றத்தோடு லாரிகள் வந்து நிற்கும் வளைவில், அப்துல் ஷுக்கூரின் சாப்பாட்டுக் கடை இருந்தது. பலகையில் அவர் பெயர்தான் எழுதியிருந்தது. ஆனால் பெங்களூரிலிருந்து சேலம் போகிற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அது பாயம்மா கடை. பாயம்மா என்றால் அவர் மனைவி ஷரீபுன்னிசா.

உயரமான, எலும்பு தடித்த பெண். குரலும் அப்படித்தான். கணவாயில் வண்டி உருண்ட சத்தம் கேட்டால் குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடுகிற முதல் ஆள் அவள்தான். முந்தானையைக் கிழித்துக் காயத்தைக் கட்டுவாள். நடுரோட்டில் நின்று கைகளை விரித்து பஸ்ஸை மறித்து, அடிபட்டவனை ஏற்றி தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். அப்படிப் போய்ப் பிழைத்தவர்களும் உண்டு, நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் முடிந்துபோனவர்களும் உண்டு. எப்படியானாலும் நம்மால் ஆனதைச் செய்தோம் என்று அவள் திரும்பி வந்து அடுப்பு முன்னால் உட்காருவாள். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் அவளுக்கு ஆகாது.

எழுபத்தைந்தாம் வருஷம் கோடையில் அவள் வயிறு உப்பத் தொடங்கியது. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மாதவிலக்கு சில மாதங்களாக வரவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு வரை அடைத்தது. கடையில் பாத்திரம் கழுவ வரும் கண்ணம்மாள்தான் முதலில் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க பாயம்மா, இந்த வயசுல பாய் உங்கள சும்மா உடல போலிருக்குதே!"

ஷரீபுன்னிசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரே மகள் ஷகிலாவுக்குக் கிருஷ்ணகிரியில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் நிச்சயம் ஆகியிருந்தது. மகளை மணமேடையில் உட்கார வைக்கிற நேரத்தில் தாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஷுக்கூரிடம் சொன்னாள். அவர் கடைப் பக்கம் பார்த்தபடி தாடியைத் தடவினார்.

"அல்லா குடுத்தா வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றார். குரலில் வெட்கம் பாதி, பெருமை பாதி. மறுநாள் தர்மபுரி சந்தையிலிருந்து மாதுளம்பழம் வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்.

அவள் யாரிடமும் காட்டவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து அடிவயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டாள். மாதங்கள் போயின. குழந்தை என்றால் இந்நேரம் அசைய வேண்டுமே என்று சில சமயம் தோன்றும். இத்தனை வயதில் வந்த பிள்ளைக்குத் தெம்பு எங்கிருந்து வரும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தி காதில் ஒருத்தி சொல்லிச் சிரித்ததை அவள் பார்க்காமல் இல்லை. பார்க்காதது போலவே பிரியாணித் தட்டுகளை நகர்த்தினாள்.

ஷகிலா கிருஷ்ணகிரிக்குப் போன சில நாட்களில் சோற்றுக் குண்டானை இறக்கப் போனவளுக்கு மூச்சு நின்றுவிட்டது போலாயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். ஷுக்கூர் அவளை தர்மபுரியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனாவது மாசம்னு நெனச்சுட்டு இருந்தீங்க?"

"அது... கணக்கு சரியாத் தெரியலீங்க."

"இது கொழந்தை இல்லம்மா. வயித்துல தண்ணி கட்டியிருக்குது."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இனி யாரும் சிரிக்கமாட்டார்கள் என்றுதான் மனம் முதலில் நினைத்தது. அந்த நிம்மதியைப் பின்னால் எப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசும்.

குழாய் சொருகி நீரை இறக்கினார்கள். வைக்கோல் நிறத்தில் பக்கெட் நிறைய வந்தது. வயிறு வற்றியபின் டாக்டரம்மா மறுபடி அழுத்தினார். அப்போதுதான் கட்டி கைக்குச் சிக்கியது. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் முட்டைப்பை என்று ஒன்று இருக்கிறது, அதில் வந்த கட்டி, நல்ல கட்டியாகத் தெரியவில்லை, உடனே மெட்ராஸுக்குப் போங்கள் என்றார். வெளியே வந்ததும் ஷுக்கூர் கேட்டார், "முன்னாடியே வந்திருந்தா?" கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மாதுளம்பழம் வாங்கியது அவர்தானே.

மொரப்பூரில் ரயில் ஏறி மெட்ராஸ் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் தனி வார்டு. ஆபரேஷன் செய்து கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். குடலோடு ஒட்டிக்கொண்டிருந்ததை எடுக்க முடியவில்லை. தையல் காய்ந்து அவள் எழுந்து உட்காரத் தொடங்கியபோது டாக்டர் சவுரியப்பன் வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இளவயசுக்காரர். பேசுகிறபோது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இருந்தது. ஷுக்கூர் கால்மாட்டில் நின்றார்.

"உள்ளே மிச்சம் இருக்கிறதுக்கு மருந்து கொடுக்கணும்மா. ரெண்டு விதமான மருந்து இருக்கு. ஒண்ணு மாத்திரை. மாசத்துல கொஞ்ச நாள் சாப்பிட்டாப் போதும். அது கொஞ்ச காலமா இருக்கிற மருந்து. இன்னொண்ணு புதுசு. வெளிநாட்டிலிருந்து வருது. மாத்திரையோட ஒரு ஊசியும் சேர்த்துப் போடுவோம். எது ஒசத்தின்னு கண்டுபிடிக்க ஒரு ஸ்டடி நடக்குது. நீங்க சம்மதிச்சா அதுல சேர்க்கலாம். வேண்டாம்னா, சேராமலே மாத்திரை கொடுப்போம்."

"எது நல்லதோ அதையே குடுங்க ஐயா," என்றாள் ஷரீபுன்னிசா.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியலைம்மா."

அவள் ஷுக்கூரைப் பார்த்தாள். அவர் டாக்டரைப் பார்த்தார். தெரியவில்லை என்று சொன்ன டாக்டரை இருவரும் அதுவரை கண்டதில்லை.

"உங்களுக்கே தெரியலைன்னா நாங்க யாருகிட்டங்க போறது?" என்றார் ஷுக்கூர். கோபமாகக் கேட்கவில்லை. வழி தப்பியவன் கேட்பதைப் போலத்தான் கேட்டார்.

"யாருக்கும் தெரியாது பாய். தெரிஞ்சுக்கத்தான் இதைச் செய்யறோம்."

அவள் சம்மதித்தாள். புது மருந்து தனக்கு வந்தாலும் வரலாம் என்ற ஆசைதான் காரணம். டாக்டர் எழுந்து வார்டு மூலையில் கண்ணாடி வைத்த அறைக்குப் போய் போனை எடுத்தார். அவள் கட்டிலிலிருந்தே அதைப் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது. அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். வயதைச் சொன்னார். கொஞ்சம் காத்திருந்தார். தலையை ஆட்டிவிட்டு போனை வைத்தார்.

"ஒண்ணாம் நம்பர் வந்திருக்கும்மா. மாத்திரை."

அவ்வளவுதான். ஏதோ ஊரில் ஏதோ ஆபீஸில் அவள் முகத்தைக்கூடப் பார்க்காத ஒரு ஆள் ஒரு எண்ணைச் சொன்னான். முடிந்தது.

பக்கத்துக் கட்டிலில் பாஞ்சாலி வந்து சேர்ந்தாள். ஏரியூர்க்காரி. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவளுக்கும் முட்டைப்பையில்தான் கட்டி. கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம், மூன்று பிள்ளைகள். புருஷன் தீர்த்தகிரி வாய் திறக்காத ஆள். வந்ததிலிருந்து துண்டைக் கையில் முறுக்கியபடி ஜன்னலோரம் நின்றான். இரண்டு பெண்களும் ஒரே ஜில்லா என்று தெரிந்ததும் பேச்சு ஒட்டிக்கொண்டது. பாஞ்சாலிக்கும் போன் போனது. அவளுக்கு இரண்டாம் நம்பர் வந்தது.

ஊசி மருந்து செக்கச் செவேல் என்று இருந்தது. நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள். அன்று பாஞ்சாலிக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று நினைத்து அவள் அலறியபோது, அது மருந்தின் நிறம்தான் என்று நர்ஸ் வந்து சமாதானம் சொன்னாள். பிறகு வாந்தி தொடங்கியது. குடலே வெளியே வந்துவிடும் போன்ற வாந்தி. ஷரீபுன்னிசா தையல் வலியோடு இறங்கிப் போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மறுபுறம் தீர்த்தகிரி பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நின்றான்.

"உங்களுக்கென்னங்க்கா," என்றாள் பாஞ்சாலி, வாயைத் துடைத்துக்கொண்டே. "மாத்திரைய முழுங்கிட்டு ராணி மாதிரி ஒக்காந்துக்கிறீங்க."

ஷரீபுன்னிசா சிரித்தாள். ஆனால் அவள் மனதில் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை கடுமையாக இருக்கிற மருந்துதான் நோயை வேரோடு பிடுங்கும். தனக்குக் கொடுத்தது பட்டாணி போன்ற மாத்திரை. வயிற்றில் போனதே தெரியவில்லை. அது என்ன செய்துவிடும்? அடுத்த முறை டாக்டர் வந்தபோது கேட்டேவிட்டாள்.

"ஐயா, எனக்கும் அந்தச் செவப்பையே போடுங்க. வாந்திதானே, நான் தாங்கிக்குவேன்."

"மாத்த முடியாதும்மா. அவங்கவங்களுக்கு வந்ததைத்தான் கொடுக்கணும். மாத்தினா ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாமப் போயிடும்."

ஷுக்கூர் தன் பங்குக்கு வராந்தாவில் டாக்டரைப் பிடித்தார். "அந்த போன் ஆபீஸ் எங்கீங்க இருக்குது? நான் நேர்ல போயி ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்."

சவுரியப்பன் சிரிக்கவில்லை. "அங்கே இருக்கிறவரும் முடிவு பண்றதில்லை பாய். முன்னாடியே கலைச்சுப் போட்ட எண் வரிசை இருக்கும். அடுத்து எது இருக்கோ அதைச் சொல்லுவார். இதுல யாருமே முடிவு பண்றதில்லை. யார் விருப்பமும் கலக்கக் கூடாதுன்னுதான் அப்படி."

ஷுக்கூர் திரும்பி வந்து மனைவியிடம் அதைச் சொன்னார். யாராவது ஒருவன் முடிவு செய்கிறான் என்றால் அவன் காலில் விழலாம், சண்டை போடலாம், பஸ்ஸை மறிப்பது போல எதிரே போய் நிற்கலாம். யாருமே இல்லை என்றால் எங்கே போய் நிற்பது? அன்று பகல் முழுதும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வார்டு ஆயாக்கள் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மாத்திரைக்காரி, ஊசிக்காரி. ஊருக்குத் திரும்பியபின் மாதாமாதம் இருவரும் ஒரே நாளில் போய்வர வேண்டியிருந்தது. மொரப்பூர் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் சந்தித்துக்கொள்வார்கள். தீர்த்தகிரி ஒரு பையில் அவித்த நிலக்கடலை கொண்டுவருவான். ஷுக்கூர் கடைக் கறியும் சப்பாத்தியும் கட்டி வருவார்.

இரண்டாவது முறை பாஞ்சாலி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிட்டது. "எங்கூட்டு சின்னது என்னயப் பாத்து பயந்து ஓடுதுங்க்கா," என்றாள். துண்டு நழுவிக்கொண்டே இருந்தது. ரயிலில் ஷரீபுன்னிசா அதை அவிழ்த்துவிட்டு, தன் பையிலிருந்த துப்பட்டாவை எடுத்து நெற்றியை மூடி, காதோரம் சொருகி, தன்னைப் போலவே முக்காடு போட்டுவிட்டாள். ஜோலார்பேட்டையில் ஏறிய வெற்றிலைக்காரன் பாஞ்சாலியைப் பார்த்து, "பாயம்மா, வெத்தல வேணுமா?" என்றான். பாஞ்சாலி திகைத்துப் போய்ப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். தீர்த்தகிரியின் பல்லை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

சில மாதங்களில் பாஞ்சாலிக்கு வயிறு நன்றாக வற்றிவிட்டது. டாக்டர்கள் மாறி மாறி அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டி கைக்குத் தெரியவில்லை என்றார்கள். களை எடுக்கக்கூடப் போனதாகச் சொன்னாள். ஷரீபுன்னிசாவின் வயிற்றில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று இருந்தபடியே இருந்தது. வளரவும் இல்லை, கரையவும் இல்லை. அவள் பாஞ்சாலியைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருப்ப கண்ணு," என்றாள். வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதும்போது பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைக்காக அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டாள். மறுநாளும் பொறாமை இருந்தது.

எழுபத்தேழில் மழைக்கு முன்பு பாஞ்சாலி மொரப்பூர் ஸ்டேஷன் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன் என்றாள். மெட்ராஸில் நெஞ்சைச் சோதித்தார்கள். சிவப்பு மருந்து இருதயத்தைப் பலவீனமாக்கிவிட்டது என்று உடனே அதை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் சவுரியப்பன் இதைச் சொல்லும்போது வழக்கம் போல முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இப்படி ஆகும்னு தெரியாதுங்களா?" என்று தீர்த்தகிரி கேட்டான்.

"சிலருக்கு ஆகலாம்னு தெரியும். யாருக்கு ஆகும்னு முன்கூட்டித் தெரியலை."

ஊசியை நிறுத்தியபின் கட்டி மறுபடி தலைகாட்டியது. அதற்கடுத்த மாதம் மொரப்பூரில் ரயில் வந்து நின்றது. அவர்கள் வரவில்லை. ஷரீபுன்னிசா ஜன்னலில் தலையை நீட்டி, வண்டி நகரும்வரை ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

ஒருநாள் மத்தியான நேரத்தில் கடைக்கு எதிரே பஸ்ஸிலிருந்து தீர்த்தகிரி இறங்கினான். தலை மொட்டையடித்திருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டை முறுக்கினான்.

"கடசீல ரொம்ப தண்ணி கட்டிடுச்சுங்க்கா. ஏரியூர்ல இருந்து கொண்டுபோக வண்டி கெடைக்கல. கெடைச்சாலும் என்ன பண்ணியிருப்பாங்க." பிறகு கேட்டான். "அன்னிக்கு போன்ல அவளுக்கு ஒண்ணுன்னு வந்திருந்தா, இருந்திருப்பாளாங்க்கா?"

அவள் கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள். ஒண்ணு தனக்கு வந்தது. அதை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டவளும் தான்தான். மாற்றியிருந்தால் இந்நேரம் இந்தக் கேள்வியை ஷுக்கூர் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த தடவை மெட்ராஸ் போனபோது தீர்த்தகிரியின் கேள்வியை டாக்டரிடம் கேட்டாள். இன்னும் கணக்கு முடியவில்லை, சேர்ந்தவர்கள் எல்லோருடைய நிலைமையும் தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அவள் காத்திருந்தாள். தன் நோயைவிட அந்தப் பதிலுக்காகவே மாதாமாதம் ரயில் ஏறுவது போல ஆகிவிட்டது.

எழுபத்தொன்பதில் ஒருநாள் டாக்டர் சவுரியப்பன் அவளைத் தன் அறையில் உட்கார வைத்துச் சொன்னார். கணக்கு முடிந்துவிட்டது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்களோ, ஊசியும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

"அப்படின்னா ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் இன்னும் இருக்கிறது?"

"சிலருக்கு நோய் மெதுவா இருக்கும். ஏன்னு தெரியலை." அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க ரெண்டு பேராலயும்தான் இது தெரிஞ்சுது. இனிமே வர்றவங்களுக்கு அந்த ஊசியை இப்படிப் போட்டுக் கஷ்டப்படுத்த மாட்டோம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். ஆனால் அதை எப்படி ஏரியூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் ரயில் முழுக்க யோசித்தாள். தீர்த்தகிரி விதைக்கடலை விற்க சேலம் போகிறபோது கடையில் இறங்குவது வழக்கமாகியிருந்தது. அப்படி வந்த ஒருநாள், அவன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"டாக்டர் கணக்கு சொல்லிட்டாருப்பா. ரெண்டு மருந்தும் ஒண்ணுதானாம். ஒண்ணுன்னு வந்திருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்னு வெச்சுக்க. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

அவன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அப்ப எதுக்குங்க்கா அவ அத்தன வாந்தி எடுத்தா?"

இனிமேல் வருகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது என்று டாக்டர் சொன்னது அவள் நாக்கு நுனி வரை வந்தது. அவன் எதிரே அதைச் சொல்ல வாய் வரவில்லை. குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டாள். போதும் என்று இலையை மடித்துவிட்டான்.

அந்த ஐப்பசியில் அவள் வயிற்றில் மறுபடி நீர் கோத்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, அவளும் மறைக்கவில்லை. மெட்ராஸில் வேறு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பிறகு ரயில் ஏறும் தெம்பு போய்விட்டது. தர்மபுரியிலேயே நீரை இறக்கினார்கள். ஒரு வாரம் வயிறு லேசாக இருக்கும், பிறகு நிறைந்துவிடும். ஷகிலா கைக்குழந்தையோடு வந்து கூடவே இருந்தாள். கடை உள்ளறையில் கட்டில் போட்டிருந்தார்கள். ஒருநாள் கணவாயில் பெரிய சத்தம் கேட்டது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏங்க, யாராவது ஓடுங்க! தண்ணி எடுத்துட்டு ஓடுங்க!" என்று கத்தினாள். அந்தப் பெரிய குரல் அறையைத் தாண்டவில்லை. ஷகிலா குழந்தையைக் கீழே விட்டுவிட்டு ஓடினாள். லாரி டயர்தான் வெடித்திருந்தது, யாருக்கும் அடியில்லை. மகள் வந்து அதைச் சொல்லும்வரை ஷரீபுன்னிசா கூரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள். சேதி கேட்டு ஏரியூரிலிருந்து தீர்த்தகிரி வந்தான். ஆண்களோடு அடக்கஸ்தலம் வரை நடந்தான். எல்லோரும் மண் போட்டபோது, தானும் போடலாமா என்று கேட்பது போல ஷுக்கூரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். மூன்று கை மண் போட்டான்.

திரும்பி வந்ததும் ஷுக்கூர் அவனைச் சாப்பிடச் சொன்னார். அன்று அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை என்று பிறகுதான் நினைவு வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வரச் செய்தார். இருவரும் குடித்தார்கள். பென்னாகரம் வழியாக ஏரியூர் போகிற பஸ்ஸைப் பிடிக்கத் தர்மபுரி போகவேண்டும் என்றான் தீர்த்தகிரி. நான் ஏற்றிவிடுகிறேன் என்று ஷுக்கூர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.